குறிப்பும் சான்றும்: இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் சமூகக்கற்கைகள் கற்பித்தல் – ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களிற் பயிலும் மாணவர்கள் ஆராய்ந்து சிந்திக்கும் ஆற்றல் குறைந்தவர்கள் என்னும் முறைப்பாடு நெடுங்காலமாகவே கேட்கப்பட்டு வருகின்றது. முறைப்பாடு செய்வோர் அதற்குக் காட்டும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டாகும். சுயமொழியிற் கற்பதனால் மாணவருக்குப் பரந்த வாசிப்பு வாய்ப்பதில்லை என்பது ஒன்று. கிராமப்புறப் பாடசாலைகளிலிருந்து வருவோரின் தரம் தாழ்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரு காரணங்களும் பழியை மாணவர் மீதும் அவர்தம் மொழி மீதும் சுமத்துகின்றனவேயன்றி, வகுப்பறையிற் கற்பித்தல் எவ்வாறு நடைபெறுகின்றது என்னும் வினாவை எழுப்புவதில்லை.

அவ்வினாவை வரலாற்று நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சமூகக்கற்கைகள் என நாம் இங்கு குறிப்பிடுவது வரலாறு, புவியியல், பொருளியல், அரசறிவியல், சமூகவியல் ஆகிய துறைகளை முதற்பட்ட நிலையிற் கற்பிப்பதனையேயாகும். பகுப்பாய்வுச் சிந்தனை என்பதற்கும் எளியதொரு விளக்கத்தை முதலிலேயே வகுத்துக்கொள்ளலாம். ஒரு கூற்று முன்வைக்கப்படுமிடத்து, அது எந்தச் சான்றின்மீது நிற்கின்றது, அச்சான்றை யார், எத்தேவைக்காக உருவாக்கினர், அதே சான்றுக்கு வேறு விளக்கம் பொருந்துமா என்னும் மூன்று வினாக்களையும் தாமாகவே எழுப்பி விடை தேடும் பழக்கமே அது. பழக்கம் என்று கூறுவதற்குக் காரணமுண்டு. பிறவியில் வாய்க்கும் திறமையாக அன்றிப் பயிற்சியால் அமைவதொன்றாக அதனைக் கொண்டால், பயிற்சி அளிக்கப்பட்டதா என்பதே அடுத்து எழவேண்டிய வினாவாகும்.

எமது கருத்தைச் சுருக்கமாகக் கூறின், 1921 தொடக்கம் இன்றுவரை இந்நாட்டுப் பல்கலைக்கழகக் கல்வியின் மொழியும், அமைப்பும், பாடவிதானமும் பலமுறை மாற்றப்பட்டுள்ளன. விரிவுரைக் குறிப்புக்கும் பரீட்சை வினாவுக்கும் இடையிலான உறவு மட்டும் மாற்றமின்றித் தொடர்கின்றது. பகுப்பாய்வுச் சிந்தனையின் வறுமைக்கு அடிப்படை அவ்வுறவே எனலாம்.

2. இலண்டன் பரீட்சையின் நிழலில்

1921 இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. பெயரிற் பல்கலைக்கழகம் இருந்தபோதிலும் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். இவ்வேற்பாட்டிற் கற்பிப்போர் ஒரு நாட்டிலும், வினாத்தாள் தயாரிப்போர் இன்னொரு நாட்டிலும் இருந்தனர். தன்னாற் கற்பிக்கப்பட்ட மாணவனைத் தானே மதிப்பிடும் உரிமை ஆசிரியருக்கு இல்லாதபோது, கண்காணாத பரீட்சகர் எதனை எதிர்பார்க்கக்கூடும் என ஊகித்து, அதற்கேற்ற விடையை மாணவனுக்கு அளிப்பதே கற்பித்தலின் இலக்காக அமைவது இயல்பேயாகும்.

இவ்வூகிப்புக் கலை எமது கல்வியின் முதல் மரபுரிமை எனக் கொள்ளத்தக்கது. தன் ஊரின் நிலவுடைமை பற்றியோ, தன்னைச் சூழ்ந்த தோட்டப் பொருளாதாரம் பற்றியோ கேள்வி கேட்கும் தேவை இம்முறையில் மாணவனுக்கு எழவில்லை. அவ்வாறு கேட்டாலும் அதற்குப் புள்ளி வழங்க எவரும் இருக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் நிருவாகத்திற்கு வேண்டியிருந்தது கோவைகளைச் சரிவரச் சுருக்கி எழுதத்தக்க உத்தியோகத்தர் குழுவே. அத்தேவைக்கு இப்பரீட்சைமுறை செவ்வனே பொருந்தியது.

3. பேராதனையும் சிறுகுழு வகுப்பும்

1942 இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைக்கப்பட்டு இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அங்கு பயின்றோர் ஏறத்தாழ 900 பேரேயாவர். முதற் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழும் வதிவிடப் பல்கலைக்கழகம் ஒன்றையே கற்பனை செய்தார். 1952 இல் கலைப்பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்ததுடன் அக்கற்பனை பெருமளவு நனவாயிற்று.

இக்காலப்பகுதியிற் கற்பித்தலின் உயிர்நாடியாக அமைந்தது ‘ரியூட்டோரியல்’ எனப்பட்ட சிறுகுழு வகுப்பாகும். மாணவன் ஒருவன் கட்டுரை எழுதி வருவான். ஆசிரியரும் சகமாணவர் சிலரும் அதனைக் கேட்டுக் குறுக்கு வினா எழுப்புவர். எழுதியவன் தன் கூற்றுக்கு ஆதாரம் காட்டவேண்டும். ஆதாரம் காட்டத் தவறிய கூற்று அவ்விடத்திலேயே வீழ்ந்துவிடும். மேலே நாம் குறிப்பிட்ட மூன்று வினாக்களையும் பழக்கமாக்கும் பயிற்சி இவ்வகுப்பில் இருந்தது.

ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒன்றையொன்று ஊட்டிய காலமும் இதுவேயாகும். 1949 இல் சமூகவியற் கற்கை தொடங்கப்பட்டபோது அதற்குத் தலைமை தாங்கிய பிறைஸ் றையன், இலங்கையின் சாதியமைப்புப் பற்றிய தமது நூலை 1953 இல் வெளியிட்டார். ரால்ஃப் பீரிஸ் கண்டி இராச்சியச் சமூக ஒழுங்கமைப்புப் பற்றி 1956 இல் எழுதினார். அதே ஆண்டில் ஜீ. சி. மெண்டிஸ், கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் ஆவணங்களை இரு தொகுதிகளாகப் பதிப்பித்தார். பாததும்பறைக் கிராமங்களிற் பல்கலைக்கழகம் மேற்கொண்ட சமூகபொருளாதார ஆய்வின் பெறுபேற்றை என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் 1957 இல் நூலாக்கினர். பழைமையும் ஒற்றுமையும் மிக்கதெனப் பாடநூல்கள் வருணித்த கிராமம் உண்மையில் நிலமின்மையாலும் கடனாலும் சிதைந்துகொண்டிருந்ததை அந்நூல் எண்களால் நிறுவியது. 1958 இல் வரலாற்று, சமூகக்கற்கைகளுக்கென ஓர் ஆய்வேடும் பேராதனையிலிருந்து வெளிவரத் தொடங்கியது.

எனினும் இக்காலத்தைப் பொற்காலமாகக் கொண்டாடுவது பொருத்தமன்று. அச்சிறுகுழு வகுப்பிற் பங்குகொண்டோர் ஆங்கிலப் பாடசாலைகளுக்குக் கட்டணம் செலுத்தத்தக்க அல்லது புலமைப்பரிசில் பெறத்தக்க குடும்பங்களைச் சேர்ந்த சிலரேயாவர். பெரும்பான்மையான விவசாயி, தொழிலாளர் பிள்ளைகளுக்கு அதன் கதவு மூடப்பட்டிருந்தது. எனவே பகுப்பாய்வுப் பயிற்சி அங்கு வர்க்கச் சலுகையுடன் பிணைந்தே இருந்தது. நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், அப்பயிற்சி வெற்றிபெற்றமைக்குக் காரணமாயிருந்தவை சிறிய வகுப்பு, மாணவன் தானே வாசிக்கத்தக்க நூலகம், விவாதிப்பதற்கான நேரம் என்பனவாகும். இவை எவையும் ஆங்கிலத்திற்கு மட்டும் உரியவையல்ல.

4. 1960: மொழி மாறியது, முறை மாறவில்லை

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு விரிந்த சுயமொழிக் கல்வியும் 1960 இற் பல்கலைக்கழக வாயிலை அடைந்தன. அவ்வாண்டிலேயே கலைத்துறையிற் சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்தல் ஆரம்பமாயிற்று. 1959 இல் வித்தியோதய, வித்தியாலங்கார பிரிவெனாக்கள் பல்கலைக்கழகங்களாகியிருந்தன. தொள்ளாயிரம் பேருடன் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்வியிற் பங்குகொண்டோரின் தொகை 1960 களின் நடுப்பகுதியளவிற் பதினாயிரத்தைத் தாண்டிற்று. இலங்கையின் சமூக வரலாற்றில் இது பெரியதொரு ஜனநாயக வெற்றி என்பதில் ஐயமில்லை. தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் மீனவரின் பிள்ளையும் பட்டதாரியாவதற்கான வழியைத் திறந்தது அதுவே.

அவ்வெற்றிக்கு வேண்டிய துணைக்கருவிகள் உரிய காலத்தில் வழங்கப்படவில்லை. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. சில முக்கிய நூல்கள் தமிழாக்கப்பட்டன. பஷாமின் நூல் ‘வியத்தகு இந்தியா’ எனத் தமிழில் வந்தமையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இம்முயற்சிகள் போற்றத்தக்கவை. ஆயினும் இத்திட்டம் முதன்மைப்படுத்தியது அறிஞர்கள் ஏற்கெனவே கண்ட முடிவுகளைக் கூறும் பாடநூல்களையே. அம்முடிவுகளுக்கு அடிப்படையான அறிக்கைகள், கடிதங்கள், புள்ளிவிபரங்கள், பிரயாணிகளின் குறிப்புகள் என்பன தொகுக்கப்பட்டுத் தமிழ் மாணவரின் கைக்கு எட்டவில்லை. மெண்டிஸ் பதிப்பித்த கோல்புறூக் ஆவணங்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. கோல்புறூக் சீர்திருத்தங்களின் விளைவுகள் ஐந்து என்னும் குறிப்பே தமிழில் வந்தது.

இந்நிலையில் விரிவுரையின் இயல்பே மாறிற்று. விரிவுரையாளர் ஆங்கில நூல்களைப் படித்துத் தமிழிற் குறிப்பெடுத்து வருவார். அதனைச் சொல்ல மாணவர் எழுதுவர். நூல்கள் போதாத இடத்தில் அக்குறிப்பே நூலாயிற்று. நூலாகிய குறிப்பே பின்னர் பரீட்சை விடையாயிற்று. கல்லச்சிற் பெருகிய அதன் பிரதிகள் ஓராண்டு மாணவரிடமிருந்து அடுத்த ஆண்டு மாணவருக்குக் கைமாறின. அறிவுக்கு ஒரேயொரு வாயில் இருக்கும்போது அவ்வாயிலிற் கேள்வி எழுப்புதல் கடினமாகும். விரிவுரையாளரின் கூற்றைச் சோதிப்பதற்கு வேறு நூல் மாணவனிடம் இல்லை. அவரது கூற்றிலிருந்து விலகி எழுதினாற் புள்ளி கிடைக்கும் என்னும் உறுதியும் இல்லை.

மாணவர் தொகை பெருகியமையாற் சிறுகுழு வகுப்பும் தன் இயல்பை இழந்தது. நேரசூசியில் அதன் பெயர் எஞ்சியபோதிலும், பல இடங்களில் அது இன்னொரு விரிவுரையாகவே நடந்தது. இச்சொல்லின் பிற்கால வரலாறு சிந்தனைக்குரியது. ‘ரியூட்டோரியல்’ என்பது நால்வர், ஐவர் கூடி வாதிடும் வகுப்பைக் குறித்தது. அதன் உறவுச் சொல்லான ‘ரியூட்டறி’ என்பது, யாழ்ப்பாணத்திலும் பிற நகரங்களிலும், நூற்றுக்கணக்கான மாணவர் வாங்குகளில் நெருங்கியிருந்து குறிப்பெழுதும் தனியார் நிலையத்தைக் குறிக்கலாயிற்று. விவாதத்தின் பெயர் மனனத்தின் பெயரானமை எமது கல்வியின் சமூக வரலாற்றைச் சுருங்கக் கூறுகின்றது எனலாம். பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவன் இப்பயிற்சியுடனேயே வருகின்றான். பல்கலைக்கழகமும் அப்பயிற்சிக்கே பரிசளிக்கின்றது.

5. மொழிமீது சுமத்தப்படும் பழி

சுயமொழிக் கல்வியே பகுப்பாய்வுச் சிந்தனையைக் கெடுத்தது என்போர் இவ்விடத்தில் தம் வாதத்துக்கு ஆதாரம் கிடைத்ததெனக் கருதக்கூடும். அவ்வாறு கொள்வது காலமுறை வழுவாகும். விடையை ஊகித்து ஒப்புவிக்கும் முறை ஆங்கிலமொழிக் கல்வியின் காலத்திலேயே, இலண்டன் பரீட்சையுடன் வந்துவிட்டது. 1960 இல் அது தமிழாக்கப்பட்டது என்பதே சரியாகும்.

தமிழ் மொழியில் விமர்சன மரபு இல்லை என்பதும் பொருந்தாது. எமது உரையாசிரியர் மரபில் தடை எழுப்பி விடை கூறுதல் நிலைபெற்றதொரு முறையாகும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரின் உரையைப் பல இடங்களிற் காரணம் காட்டி மறுக்கின்றார். முன்னோர் கூற்றை எடுத்துரைத்து, அதன் குறையை நிறுவி, தம் கோளை நிலைநாட்டும் அம்முறை இன்றைய ஆய்வுமுறைக்குப் புறம்பானதன்று. நவீன காலத்திலும் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோர் இலக்கியத்தைச் சமூக அடித்தளத்துடன் தொடர்புபடுத்தி ஆராய்வதற்கு வேண்டிய உரைநடையைத் தமிழில் வளர்த்தெடுத்தனர். பேராதனையில் 1960 களின் பிற்பகுதியிலே தோன்றிய ‘சிந்தனை’ போன்ற ஆய்வேடுகள் வரலாற்றையும் சமூகத்தையும் தமிழில் ஆராயலாம் என்பதற்குச் சான்றாயின. ஆசிரியரின் ஆய்வு தமிழில் விவாதமாக நடந்தது. மாணவரின் கற்கையோ தமிழிற் குறிப்பாக நின்றது. இம்முரண்பாட்டுக்கு மொழியைப் பொறுப்பாக்க இயலாது.

6. 1971 இன் பின்னர்

1971 ஏப்ரல் கிளர்ச்சியிற் கல்விகற்ற கிராமப்புற இளைஞர் பெருந்தொகையினராய்ப் பங்குகொண்டமை கல்வி பற்றிய சிந்தனையை உலுக்கியது. அவ்வாண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழு, கல்விகற்றோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையிலான முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது. 1972 இற் பாடசாலைக் கலைத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டு, வரலாறு, புவியியல், குடியியல் என்பன சமூகக்கல்வி என்னும் ஒருங்கிணைந்த பாடமாயின. அதே ஆண்டிற் பல்கலைக்கழகங்கள் யாவும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே நிறுவனத்தின் வளாகங்களாக்கப்பட்டன. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு ஆரம்பிக்கப்பட்டது.

ஒருங்கிணைந்த சமூகக்கல்வியின் அடிப்படை நோக்கம் முற்போக்கானது. துறைகளுக்கிடையிலான வேலிகளை நீக்கி, மாணவனைத் தன் சூழலின் பிரச்சினைகளிலிருந்து சிந்திக்கத் தூண்டுவதே அதன் குறிக்கோள். ஆனாற் பழைய முறையிற் பயின்ற ஆசிரியர், பழைய முறையிலான பரீட்சைக்கு மாணவரைத் தயாரிக்குமிடத்துப் புதிய பாடமும் பழைய குறிப்பாகவே மாறிவிடும். மூன்று பாடங்களில் மனனம் செய்தவற்றை ஒரே பாடத்தில் மனனம் செய்தல் என்பதற்கு மேல் அது செல்வது அரிதாயிற்று. 1977 ஆட்சி மாற்றத்தின் பின்னர் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை கைவிடப்பட்டு, பழைய க.பொ.த. முறை மீண்டது. 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் வளாகங்களை மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கியது.

இணைத்தலும் பிரித்தலும், புதியன புகுத்தலும் கைவிடலுமாகிய இம்மாற்றங்கள் அனைத்தும் நிறுவன அமைப்பையும் பாடப்பெயர்களையும் தொட்டன. எத்தகைய வினா கேட்கப்படவேண்டும், எத்தகைய விடைக்குப் புள்ளி வழங்கப்படவேண்டும் என்பதனை அவை தொடவில்லை.

7. ஓர் எடுத்துக்காட்டு: குடிசன மதிப்பு அட்டவணை

குறிப்பு வழிக் கற்பித்தலுக்கும் சான்று வழிக் கற்பித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்குவோம். இலங்கையின் இனவாரிக் குடித்தொகை எமது மாணவர் அனைவரும் பாடசாலைக் காலம் முதல் மனனம் செய்யும் விடயமாகும். 1971 இல் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 14.24 இலட்சம், இந்தியத் தமிழர் ஏறத்தாழ 11.75 இலட்சம் எனவும், 1981 இல் முறையே 18.87 இலட்சம், 8.19 இலட்சம் எனவும் குடிசன மதிப்பு அட்டவணைகள் காட்டுகின்றன. குறிப்பு வழி பயின்ற மாணவன் இவ்வெண்களை எழுதிப் புள்ளி பெறுவான். அவனிடம் வேறெதுவும் கேட்கப்படுவதில்லை.

சான்று வழி வகுப்பில் இதே அட்டவணை ஒரு புதிராக முன்வைக்கப்படும். அப்பத்தாண்டில் நாட்டின் மொத்தக் குடித்தொகை சுமார் 126.9 இலட்சத்திலிருந்து 148.5 இலட்சமாக, அதாவது நூற்றுக்கு 17 வீதம் அதிகரித்தது. இலங்கைத் தமிழர் தொகையோ நூற்றுக்கு 32 வீதத்துக்கு மேல் அதிகரித்துள்ளது. நாட்டின் சராசரி வேகத்தில் அது வளர்ந்திருப்பின் 1981 இல் 16.7 இலட்சமளவிலேயே இருந்திருக்கவேண்டும். எஞ்சிய ஏறத்தாழ 2.2 இலட்சம் பேர் எங்கிருந்து வந்தனர்? மறுபுறம், இந்தியத் தமிழர் தொகை அதே வேகத்தில் வளர்ந்திருப்பின் 13.7 இலட்சமாகியிருக்கும். ஆனால் 8.19 இலட்சமே காணப்பட்டது. குறைந்த ஏறத்தாழ 5.5 இலட்சம் பேர் எங்கே சென்றனர்?

இவ்விரு வினாக்களும் மாணவனைப் பல திசைகளிற் செலுத்தும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் இணங்கிய 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தையும், எஞ்சிய 1,50,000 பேரைச் சமமாகப் பங்கிட்ட 1974 ஆம் ஆண்டின் உடன்பாட்டையும் அவன் தேடிப் படிக்க நேரும். நாடு திரும்பல் குறைவின் ஒரு பகுதியை விளக்கும். தோட்டங்களிலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்தோரும், பிரசாவுரிமை பெற்றோரும் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிவுசெய்துகொண்டமை மற்றொரு பகுதியை விளக்கும். பிறப்பு, இறப்பு வீதங்கள் தோட்டப் பகுதிகளில் வேறுபட்டிருந்தமையால் எமது கணக்கு அண்ணளவானதே என்பதையும் அவன் உணர்வான். ஒரு கணக்கின் எல்லையை அறிதலும் பகுப்பாய்வின் பாற்பட்டதேயாகும்.

அடுத்து எழும் வினா இன்னும் ஆழமானது. இவ்விரு பிரிவுகளும் எப்போது தோன்றின? 1871 இல் முதலாவது முழுநாட்டுக் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டபோது தமிழர் ஒரே பிரிவாகவே எண்ணப்பட்டனர். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பிரிப்பு 1911 இலேயே இடம்பெற்றது. சிங்களவர் கரைநாட்டார், கண்டியர் என 1901 தொடக்கம் பிரித்தெண்ணப்பட்டு, 1981 இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டனர். ஆகவே இயற்கையானவை, என்றுமுள்ளவை என மாணவன் எண்ணியிருந்த இனப்பிரிவுகள் நிருவாகத்தின் தேவைகளோடும் அரசியலின் போக்கோடும் வரையப்பட்ட கோடுகளும் ஆகும் என்பது புலப்படும். மலையக மக்கள் தம்மை ‘மலையகத் தமிழர்’ என அழைக்கக் கோருவதன் பொருளும் அப்போதுதான் அவனுக்கு விளங்கும்.

இப்பயிற்சிக்கு வேண்டியவை இரண்டு அட்டவணைகளும், மூன்று ஆவணங்களும், இருபது பேர்கொண்ட ஒரு வகுப்புமேயாகும். விலையுயர்ந்த உபகரணமோ அந்நிய மொழியோ வேண்டியதில்லை.

8. மனனக் கல்வியின் சமூக விலை

இப்பிரச்சினையைக் கற்பித்தல் நுட்பம் சார்ந்த ஒன்றாக மட்டும் கருதிவிட இயலாது. வரலாறு இந்நாட்டில் அரசியலின் ஆயுதமாக இருந்து வந்துள்ளது. யார் முதலில் வந்தனர், எந்நிலம் எவருக்குரியது என்னும் கூற்றுகளின் பெயரால் இரத்தம் சிந்தப்பட்டது. ஒரு கூற்றைச் சான்று கேட்காது ஏற்கப் பழக்கப்பட்ட பட்டதாரி, ஆசிரியனாகவும் பத்திரிகையாளனாகவும் நிருவாகியாகவும் சமூகத்துக்குத் திரும்பும்போது, தன் இனத்தாரின் ஐதீகத்தையும் அவ்வாறே ஏற்று அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பான். இது இரு மொழிப் பிரிவினருக்கும் பொதுவானது.

இதற்கு மாறான சிந்தனைப் பழக்கம் எமது பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இருந்தது என்பது நம்பிக்கை தருவதாகும். ‘சிங்கள’ என்னும் அடையாளம் தொடக்கத்தில் ஆளும் குழுவினருக்கே உரித்தாயிருந்து, காலப்போக்கிலேயே ஏனையோரையும் உள்ளடக்கி விரிந்தது என லெஸ்லி குணவர்தன 1979 இல் எழுதினார். கே. என். ஓ. தர்மதாச அதனை மறுத்து எழுத, குணவர்தன 1995 இல் விடையளித்தார். கா. இந்திரபாலா தமது 1965 ஆம் ஆண்டு ஆய்வேட்டில், பத்தாம் நூற்றாண்டுக்கு முன்னர் இலங்கையிற் பரந்த தமிழ்க் குடியேற்றம் நிகழ்ந்தமைக்குத் திட்டவட்டமான சான்றில்லை எனக் கொண்டிருந்தார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வில், பெருங்கற்காலக் குறியீடுகளும் பிராமி எழுத்துகளும் ஒருங்கே பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. இத்தகைய தொல்லியற் சான்றுகளையும் பிற ஆய்வுகளையும் கருத்திற்கொண்டு, சிங்களவர், தமிழர் ஆகிய இரு இனக்குழுக்களும் இத்தீவின் தொன்மையான பொது மக்கள் அடித்தளத்திலிருந்து உருவானவை என்னும் நிலைப்பாட்டை 2005 இல் வெளிவந்த தம் நூலில் அவர் முன்வைத்தார்.

இவ்விரு வரலாறுகளும் எமது மாணவருக்கு எவ்வாறு கற்பிக்கப்படவேண்டும்? இந்திரபாலாவின் இறுதி முடிவை மட்டும் குறிப்பாக எழுதுவித்தால் அது இன்னொரு மனனப் பொருளாகிவிடும். நாற்பது ஆண்டுகளில் ஓர் அறிஞரின் முடிவு ஏன் மாறியது, எந்தச் சான்று மாற்றியது, ஆனைக்கோட்டை முத்திரையின் எழுத்துகளை அறிஞர் ஏன் வெவ்வேறாக வாசிக்கின்றனர் என்பவற்றை வகுப்பில் வைத்து ஆராயும்போதே வரலாறு ஓர் ஆய்வுத்துறையாகின்றது.

சான்றுகளைப் பேணுதலும் இதனோடு தொடர்புடையதே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் அழிந்தன. அவ்வழிவை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். எஞ்சியுள்ள ஆவணங்களையும் மாணவரிடம் கொடுத்து வாசிக்கப் பழக்காவிடில், எரியாத நூலகமும் பயனற்றதாகும்.

9. இன்றைய நிலை

கடந்த சில தசாப்தங்களில் அரையாண்டு முறை, அலகுப் பாடங்கள், தர உறுதிப்பாடு, கற்றற் பேறுகள் எனப் பல புதிய ஏற்பாடுகள் வந்துள்ளன. 2012 இல் இலங்கைத் தகைமைச் சட்டகம் வகுக்கப்பட்டது. பாடநெறி ஆவணங்களில் ‘பகுப்பாய்வர்’, ‘மதிப்பிடுவர்’, ‘ஒப்பிடுவர்’ என்னும் வினைச்சொற்கள் தவறாது இடம்பெறுகின்றன. ஆனால் ஆவணத்தில் எழுதப்பட்ட வினைக்கும் வினாத்தாளிற் கேட்கப்படும் வினைக்கும் தொடர்பு இருப்பதில்லை. ‘ஆராய்க’ என்று கேட்கப்பட்ட வினாவுக்கும், விரிவுரையில் வழங்கப்பட்ட ஐந்து அம்சங்களை வரிசையாக எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்குமெனின், அவ்வினா உண்மையிற் கேட்பது ‘ஒப்புவிக்க’ என்பதையேயாகும். கல்லச்சுப் பிரதியின் இடத்தை நிழற்பிரதியும், அதன் இடத்தைத் திரைப்படிமங்களும் கைத்தொலைபேசிக் கோப்புகளும் எடுத்துக்கொண்டன. குறிப்பின் ஆட்சி குன்றவில்லை. இன்று கணினி தானே நொடிப்பொழுதிற் குறிப்பெழுதித் தரும் நிலை வந்துள்ளது. குறிப்பை ஒப்புவிப்பதே பட்டத்தின் தகுதியெனின் அத்தகுதியை இயந்திரமும் பெற்றுவிட்டது எனலாம்.

ஆங்கிலமொழிமூலக் கற்கைக்குத் திரும்புவதே இதற்குத் தீர்வென்று சிலர் வாதிடுகின்றனர். ஆங்கில அறிவு இன்றியமையாதது. ஆயினும் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவித்தாற் கிடைப்பது ஆங்கிலக் குறிப்பே. மாணவரிடையே ‘குப்பி’ என வழங்கும் கூட்டுக்கற்றல் மரபு இவ்விடத்திற் கவனத்திற்குரியது. மூத்த அல்லது சகமாணவர் ஒருவர் மர நிழலிலோ விடுதியிலோ இருந்து ஏனையோருக்குப் பாடத்தை விளக்கும் இவ்வழக்கம் பெரும்பாலும் பரீட்சைத் தேவைக்கே பயன்படுகின்றது. எனினும் கேள்வி கேட்கத் தயங்காத சிறுகுழு ஒன்று அங்கு ஏற்கெனவே உள்ளது. பரீட்சை மாறுமெனின் குப்பியும் மாறும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று செயற்பாடுகளை நாம் முன்மொழியலாம். முதலாவதாக, ஒவ்வொரு துறையும் தன் அடிப்படைச் சான்றாதாரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வரிசையிற் தொகுத்து வெளியிடவேண்டும். இரு மொழி மாணவரும் ஒரே ஆவணத்தை வாசித்து வேறுபட்ட முடிவுக்கு வருவாராயின், அவ்வேறுபாட்டைப் பற்றி அவர்களுக்குள் உரையாட அதுவே பொதுத்தளமாகும். இரண்டாவதாக, ஒவ்வொரு வினாத்தாளிலும் மாணவர் முன்னர் காணாத ஒரு சான்றைத் தந்து, அதனை ஆராயும் கட்டாய வினா ஒன்றேனும் இடம்பெறவேண்டும். வினா மாறாதவரை கற்பித்தல் மாறாது என்பதையே நூறாண்டுக்கால அனுபவம் உணர்த்துகின்றது. மூன்றாவதாக, விரிவுரை மணித்தியாலங்களைக் குறைத்தேனும் சிறுகுழு வகுப்பை மீட்டெடுக்கவேண்டும். அதற்கு வேண்டிய ஆசிரியர் தொகையைக் கோருவது கல்வி உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியாக அமையவேண்டும்.

இலவசக் கல்வியும் சுயமொழிக் கல்வியும் பல்கலைக்கழகக் கதவை மக்களின் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டன. முன்னர் சிலருக்கே உரியதாயிருந்த அச்சிந்தனைப் பயிற்சி, கதவைக் கடந்து வந்தோருக்கு இன்னும் பொதுவாக்கப்படவில்லை. 1945 இல் தொடங்கிய பணியின் எஞ்சிய பாதி அதுவே.